உதவி என்று விளம்பரத்தை அமத்தலாமா?



நோபல் பார்க்கில் இருந்துகொண்டு ஊர்ச் சங்கத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ இணையத்தளம் நடத்துவோர் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று.

கூகிள் 2003இல் தொடங்கிய அட்சென்ஸ் விளம்பரத் திட்டம், 2018 பெப்ரவரியில்தான் தமிழ்த் தளங்களுக்கும் வந்தது. விளம்பரம் கொடுத்தவர் கட்டும் காசில் ஒரு பங்கு தளம் நடத்துபவருக்குக் கிடைக்கும்.

கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆளுக்கொரு கை கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள். அதே மனத்தோடு, "எங்கடை தளத்து விளம்பரத்தை ஒருக்கா அமத்திவிடுங்கோ" என்று உறவினரைக் கேட்பது விதிப்படி குற்றம். அந்தச் செலவு ஏதோவொரு சிறு கடைக்காரரின் தலையிலும் விழலாம். கணக்கு மூடப்படலாம், சேர்ந்த காசும் கைக்கு வராமல் போகலாம். மேன்முறையீடு உண்டு, அது தோற்றால் திரும்பச் சேர்வது கடினம்.

உதவ விரும்பினால் தளத்தை வாசியுங்கள். செலவுக்கு நேரே ஐந்து டொலர் கொடுங்கள்.