கம்பிக்குக் கண் இல்லை
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நமது அக்கா ஒருவரின் காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

நிரை பிடித்து ஏறும்போது செடிக்கு அடியில் கிடந்த சுருக்குக் கம்பியில் அவர் கால் மாட்டியது. இழுக்க இழுக்க இறுகியது. பக்கத்து நிரையில் நின்றவர்கள் ஓடிவந்து கழற்றும்போது கணுக்காலில் சதை பிய்ந்திருந்தது. ஒன்பது நாள் பேர் இல்லை. அந்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று பக்கத்துக் காம்பிராவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கம்பி வைத்தவர் வெளியாள் இல்லை, நம்மில் ஒருவர். லயத்துக்குப் பின்னால் போட்ட போஞ்சியையும் கிழங்கையும் காட்டுப் பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போனது. கடன் வாங்கி விதை போட்டவர் அவர். அவருடைய ஆத்திரம் நியாயமானது. ஆனால் பன்றிக்கு வைத்த கம்பி அக்காவைப் பிடித்துவிட்டது.

கமிட்டியில் தம்பிமார் ஒரு கேள்வி கேட்டார்கள். “மற்ற நாடுகளில் வேட்டைக்கு அனுமதி இருக்கிறதே, மாதம் குறித்து, இத்தனைதான் என்று கணக்கு வைத்துச் சுடுகிறார்களே. நாம் மட்டும் ஏன் கை கட்டி நிற்க வேண்டும்?” நல்ல கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் ஒஹாயோ என்றொரு மாநிலம். அங்கே விவசாயிகளின் சோளத்தை அணில்கள் அழித்தன. 1807இல் ஒரு சட்டம் போட்டார்கள். வரி கட்டுகிற ஒவ்வொருவரும் வரியோடு சேர்த்து அணில்களின் தலைத்தோலையும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், குறைந்தது 10. இப்படிச் சட்டம் போட்டுக் கொன்ற மாநிலம் பின்னால் என்ன செய்தது? காட்டையும் வெட்டி, வருடம் முழுக்க வேட்டையும் ஆடியதில் அணில் அருகிப்போனது. அதே மாநிலமே வேட்டைக்கு எல்லை போட வேண்டி வந்தது. இன்று அங்கே செப்டம்பரிலிருந்து ஜனவரி வரைதான் அணில் வேட்டை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 அணில், அதற்கு மேல் இல்லை.

இந்த ஏற்பாட்டில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று காலம். பெரும்பாலான குட்டிகள் பால் மறந்து தனியாக இரை தேடும் வரை தாயைத் தொடக்கூடாது. தாய் செத்தால் கூட்டில் கிடக்கும் குட்டிகளும் சாகும். மற்றது கணக்கு. இந்த வருடம் பிடிப்பது அடுத்த வருடம் பிறப்பதைவிடக் கூடக்கூடாது. கொழுந்து எடுக்கிற நமக்கு இது புதிதா? மொட்டை அடித்தால் அடுத்த சுற்றுக்கு மலையில் என்ன இருக்கும்?

ஆனால் இந்த இரண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சுடுகிறவன் முதலில் பார்க்க வேண்டும். இது என்ன மிருகம், தாயா குட்டியா, இன்று எத்தனையாவது என்று பார்த்து, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் போட்ட சுருக்குக்குக் கண் இல்லை. அது மாதம் பார்க்காது, எண்ணிக்கை பார்க்காது. வைத்தவர் மறந்துபோன பிறகும் அங்கேயே கிடக்கும். பன்றியும் மாட்டும், மரையும் மாட்டும், நம் வீட்டு நாயும் மாட்டும், கொழுந்துக்குப் போன மனுஷியும் மாட்டும்.

கணக்கு என்றால் நம் நாட்டிலும் ஒன்று எடுத்தார்கள். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம், வீட்டு வளவிலும் பயிர் நிலத்திலும் நின்ற குரங்கு, மந்தி, மயில், மலையணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். ஐந்து நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு எத்தனை கொல்லலாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நல்லதண்ணி சம்பவத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 மே மாதம் அங்கே கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது. அப்படியொன்றை நம் மலைநாட்டில் இனி எப்போது காண்போம்? நம் நாட்டுச் சிறுத்தை உலகத்தில் வேறெங்கும் இல்லாத வகை. வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு என்றுதான் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

சிறுத்தை மாட்டினால் பொலிசும் வனஜீவராசிகள் திணைக்களமும் முதலில் வருவது லயத்துக்குத்தான். “பன்றிக்குத்தான் வைத்தேன்” என்பது வழக்கில் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நம்பி இருக்க முடியாது. உழைக்கிற கை விலங்கோடு போனால் வீட்டைப் பார்ப்பது யார்?

அதற்காகப் பாத்தியைப் பன்றிக்கு விட்டுக்கொடுங்கள் என்று சங்கம் சொல்லவில்லை. நிர்வாகத்திடம் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வைக்கிறோம். கவனிப்பில்லாமல் காடாகிக் கிடக்கும் மலைகளைத் துப்புரவு செய்ய வேண்டும், பன்றி பதுங்குவது அங்கேதான். மரக்கறிப் பாத்திகளுக்கு வேலி போடக் கம்பும் வலையும் தர வேண்டும். லயத்துக் குப்பையை ஒழுங்காக அள்ள வேண்டும். குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும்.

நமக்கு நாமே சில தீர்மானங்களும் எடுக்க வேண்டும்.

இந்தக் கிழமைக்குள் வைத்தவர்களே தங்கள் கம்பியை எடுத்துவிட வேண்டும். யார் என்று கமிட்டி கேட்காது. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் மலை மலையாகப் போய்த் தேடி எடுப்பார்கள். கரண்ட் கம்பி இழுப்பதற்கு மன்னிப்பே கிடையாது, அது மனிதரைக் கொல்லும். மிருகம் மாட்டிக் கிடந்தால் கூட்டம் கூடாதீர்கள், கிட்டப் போகாதீர்கள், 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளைகள் கவண் எடுத்து மலையணில் அடிக்கப் போனால் பெரியவர்கள் தடுக்க வேண்டும்.

அக்காவின் காயத்தைப் பொறுத்தவரை, அது வேலை நேரத்தில், வேலை மலையில் நடந்தது. நட்டஈடு கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த விண்ணப்பத்தைச் சங்கம் கொண்டுபோகும். இனி மலையில் சிறு காயம் பட்டாலும் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கம்பி வைத்த அண்ணன் நேற்று அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அறிந்தோம். அவருடைய பாத்திக்கு வேலி கட்டத் தலைவரும் இளைஞர்களும் போகிறார்கள். முதல் வேலி அங்கேயே எழும்பட்டும்.