நிற்கும்போது வீடு, ஓடும்போது வாகனம்



கல்லூரியின் நூறு வருடப் பெருமையை எடுத்துச் சொல்ல இங்கே எங்களிலும் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் வாழும் பழைய மாணவிகளாகிய எங்களிடம், ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் தோழிகள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கே இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம். படுக்கை, அடுப்பு, மலசலகூடம் எல்லாம் உள்ள மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சின்னப் பிள்ளைகளோடு நெடுந்தூரம் போகலாமா என்பதே அந்தக் கேள்வி.

தாராளமாகப் போகலாம். ஆனால் ஒன்றை மனதில் இருத்த வேண்டும். நிற்கும்போது அது வீடு. ஓடும்போது அது வாகனம்.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பீர்கள். உள்ளே மேசையும் கட்டிலும் இருப்பதால் மனம் ஏமாந்துவிடுகிறது. பிள்ளை அழுதால் அம்மம்மா மடியில் தூக்கி வைக்கப் பார்ப்பார். தாய் பட்டியைக் கழற்றி எழுந்து பால் கரைக்கப் போவாள். பெரியவன் கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாமா என்று கேட்பான். மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் திடீரென நின்றால், எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்காது. வைத்தியர்களாகிய நாங்கள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. பிள்ளை அழுதால் பாதுகாப்பான இடத்தில் வாகனத்தை நிறுத்துங்கள். அதன்பிறகு பட்டியைக் கழற்றுங்கள்.

அவுஸ்திரேலியச் சட்டப்படி ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அவரவர் வயதுக்குரிய அங்கீகரிக்கப்பட்ட ஆசனத்தில்தான் இருக்க வேண்டும். ஆறு மாதம் வரை பின்பக்கம் பார்த்த ஆசனம். நாலு வயது வரை உடலைப் பிணைக்கும் பட்டியுள்ள ஆசனம். அதன்பின் பட்டியுள்ள ஆசனமோ, உயர்த்தி வைக்கும் ஆசனமோ. வாகனத்தைப் பதிவு செய்யும்போது "ஆறு பேர் படுக்கலாம்" என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். பிள்ளை ஆசனத்தின் மேற்பட்டியைக் கொளுவும் இடங்கள் எத்தனை, அவை எந்த இருக்கைகளில் என்று கேளுங்கள். பக்கவாட்டைப் பார்த்த இருக்கையில் பிள்ளை ஆசனம் பூட்டக்கூடாது. புறப்பட முன் கேத்தில், சட்டி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

அடுத்தது தூரம். அடிலெயிட்டிலிருந்து பேர்த்துக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். பெரியவர்கள் மட்டும் என்றால் மூன்று, நாலு நாளில் ஓடி முடிப்பார்கள். பிள்ளைகளோடு போகும் நாங்கள் பத்து நாள் ஒதுக்குகிறோம். நாளுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இறங்கி நடப்பது. கைக்குழந்தை என்றால் அதற்கும் முந்தி. விடியலிலும் மாலை மங்கும்போதும் கங்காருக்கள் தெருவுக்கு வரும். ஆகவே காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டு, வெயில் சாய முன் தங்குமிடம் சேர்ந்துவிடுவோம்.

அந்தப் பாதையில் செடூனாவுக்கும் நோர்ஸ்மனுக்கும் இடையே சுமார் 1,200 கிலோமீற்றருக்குப் பெரிய ஊர் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் 146.6 கிலோமீற்றர் தூரம் தெரு ஒரு வளைவும் இல்லாமல் போகிறது. பிள்ளைகளுக்கு இது அலுக்காதா என்று கேட்பீர்கள். அங்கே தெருவின் சில பகுதிகளே பறக்கும் வைத்தியர் சேவையின் விமானம் இறங்கும் ஓடுபாதைகள். 1928இல் தொடங்கிய அந்தச் சேவையின் கதையைச் சொல்லி, தெருவில் கீறியிருக்கும் அடையாளத்தைத் தேடச் சொன்னால் போதும். யூன் முதல் ஒக்ரோபர் வரை என்றால் 'ஹெட் ஒஃப் பைற்' முனையில் நின்று தாய்த் திமிங்கிலத்தையும் குட்டியையும் பார்க்கலாம்.

சாப்பாட்டு விடயத்திலும் ஒரு தந்திரம் வேண்டும். மேற்கே போகும்போது மாநில எல்லையிலும், கிழக்கே திரும்பும்போது செடூனாவிலும் பரிசோதனைச் சாவடி உண்டு. பழம், காய்கறிகளை அங்கே கொடுத்துவிட வேண்டிவரும். மேற்கு அவுஸ்திரேலியாவுக்குள் தேனும் கொண்டுபோக முடியாது. பிள்ளையின் வாழைப்பழத்தைச் சாவடிக்கு முன்பே சாப்பிடக் கொடுத்துவிடுங்கள். குடிதண்ணீரைத் தேவைக்கு மேலாகவே ஏற்றுங்கள். வழியில் கிடைப்பது அரிது.

இனிச் சத்தி. காது அசைவை உணர, கண் அசையாத புத்தகத்தையோ திரையையோ பார்க்க, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் வயிறு குமட்டுகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு பன்னிரண்டு வயது வரை இது கூடுதலாக வரும். பிள்ளையை இயன்றவரை முன்பக்கம் இருத்தி, தூரத்தை வெளியே பார்க்கச் சொல்லுங்கள். பாட்டும் கதையும் கேட்கட்டும். சாப்பாடு அளவாக இருக்கட்டும். பிள்ளையை நித்திரையாக்கவென்று மருந்து கொடுக்கும் பழக்கம் எங்கள் மத்தியில் இன்னும் இருக்கிறது. அது வேண்டாம். புரோமெதசின் போன்ற மருந்து சின்னப் பிள்ளைகளின் சுவாசத்தைக் குறைக்கக்கூடும். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்திருக்கிறது.

மருந்துப் பெட்டியில் வெப்பமானி, பரசிற்றமோல், ஊரில் ஜீவனி என்று சொல்லும் உப்புச் சீனிக் கரைசல், இழுப்பு உள்ள பிள்ளைக்கு அதன் பம்ப் ஆகியவை இருக்கட்டும். புறப்படும் கிழமையில் பிள்ளையை நிறுத்து, நிறையை எழுதி ஒட்டுங்கள். பரசிற்றமோல் அளவு நிறையைப் பொறுத்தது. வீதியின் பெரும் பகுதியில் தொலைபேசி வேலை செய்யாது. அங்கே நின்று யாரிடமும் கேட்க முடியாது.

இரவில் அந்த வாகனம் மறுபடி வீடாகிவிடும். ஆகவே வீட்டு ஒழுங்கே அங்கும் நடக்கட்டும்: அதே குளிப்பு, அதே கதை, அதே போர்வை. கோடைகால நேரமாற்றம் இல்லாத மாதங்களில் இரண்டு மாநிலங்களுக்கும் நேரம் ஒன்றரை மணித்தியாலம் வித்தியாசம். அதை ஒரே நாளில் மாற்றாமல், நாளுக்குக் கால் மணித்தியாலமாக நகர்த்தினால் பிள்ளைக்குத் தெரியாமலே மாறிவிடும். கைக்குழந்தையைத் தட்டையான தனிப் படுக்கையில் நிமிர்த்திக் கிடத்துங்கள். மேல் தட்டுக் கட்டில் சின்னவர்களுக்கு ஆகாது. குளிர் என்று அடுப்பை எரியவிட்டுப் படுக்கக்கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை.

கடைசியாகப் பெண்களுக்கு ஒரு சொல். வீட்டில் செய்யும் சமையலையும் கழுவலையும் சில்லு வைத்த வீட்டிலும் தாய் ஒருத்தியே செய்தால் அவளுக்கு அது விடுமுறை அல்ல. ஓட்டுவதையும் சமைப்பதையும் முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டுபவருக்கும் களை தீரும்.

அவுஸ்திரேலியா வரும் தோழிகள் வாகனத்தைப் பதிவு செய்ய முன் எங்களோடு ஒருதரம் கதையுங்கள். பிள்ளை ஆசனம் கொளுவ எத்தனை இடம் என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். மற்றவற்றைத் தேநீர் குடித்தபடி பேசலாம்.