குளிர் தரும் கைகளுக்குக் காவல் எங்கே?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும், சயான் கோலிவாடாவிலும் வாழும் நம் குடும்பங்களில், ஒரு காலத்தில் பையன் தலையெடுத்தால் தோல் பட்டறைக்கும், பஞ்சாலைக்கும், ரயில்வே கலாசி வேலைக்கும் போனான். இன்று பலர் ஏ.சி. வேலைக்குப் போகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவன் மெக்கானிக்காகப் போகிறான். எட்டாவதோடு நின்றவன் ஹெல்பராகப் போகிறான். கையில் தொழில் இருக்கிறது என்று நமக்கும் பெருமைதான். அந்தத் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதைப் பேசவே இன்று கூடியிருக்கிறோம்.

ஏப்ரல், மே வந்துவிட்டால் நம் பிள்ளைகளுக்கு உறக்கம் கிடையாது. இரவு பதினொரு மணிக்கு ஏதோ ஒரு ஹோட்டலின் குளிர் அறை நின்றுவிடும். உள்ளே இறைச்சியும் பாலும் இருக்கும். முதலாளி போனில் கத்துவார். போய்ப் பார்த்தால், அடுப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்து கண்டென்சர் அடைத்துக் கிடக்கும். காற்றுப் போகாவிட்டால் அழுத்தம் ஏறும். கம்ப்ரசர் சூடேறி எரியும். ஆண்டு முழுதும் அதைச் சுத்தம் செய்யக் காசு கொடுக்காதவர், எரிந்த பிறகு நம் பையனைத் திட்டுவார்.

"கேஸ் போட்டுவிட்டுப் போ" என்பது இன்னொரு வழக்கம். கேஸ் என்பது ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி தர மனம் வருவதில்லை. பத்து நாளில் மறுபடி குளிர் நின்றால் பழி மெக்கானிக் மேல்தான். இரண்டாம் முறை போவதற்குக் கூலியும் கிடையாது, பஸ் காசும் கிடையாது. இதெல்லாம் வயிற்றெரிச்சல். இனி உயிருக்கு வரும் ஆபத்தைச் சொல்கிறோம்.

உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் இரும்புச் சட்டத்தில் தொங்கும் மெஷினை, இடுப்பில் பெல்ட் இல்லாமல் சன்னல் விளிம்பில் நின்று கழற்றுகிறார்கள். கெபாசிட்டரில் மின்சாரம் நிறுத்திய பின்னும் விசை தங்கியிருக்கும். தெரியாமல் தொட்டால் தூக்கி எறியும், எட்டாவது மாடியில் அதுவே போதும். ஆர்-22 கேஸ் காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. சன்னலில்லாத கீழ்த்தள அறையில் கசிந்தால் தரையோடு நிரம்பி மூச்சை அடைக்கும். அதே கேஸ் பற்றவைப்புச் சுடரில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். அழுத்தம் பார்க்க நைட்ரஜன் ஏற்ற வேண்டும். சிலிண்டர் வாடகையை மிச்சம் பிடிக்க, பற்றவைக்கும் ஆக்சிஜனையே ஏற்றச் சொல்பவர்கள் உண்டு. கம்ப்ரசர் எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் அது வெடிகுண்டு. தம்பிகளே, யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள்!

கேஸும் மாறி வருகிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியலில் உடன்படிக்கை ஏற்பட்டது. 1992இல் இந்தியா அதில் சேர்ந்தது. அதன்படி ஆர்-22 படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. பூமிக்கு நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாக வந்தவற்றில் ஆர்-32 தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேனேதான். பழைய பழக்கத்தில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. கலப்பட கேஸ் இன்னொரு எமன். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் துறைமுகத்துக் குளிர்பெட்டிகள் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டதற்குக் காரணம் போலிக் கேஸ்தான். மலிவு சிலிண்டரில் லாபம் ஒருவருக்கு, சாவு இன்னொருவருக்கு!

சென்ற கோடையில் நம் உறுப்பினர் ஒருவரின் மகன், ஓர் உணவு விடுதியின் மொட்டை மாடியில் விசிறியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினான். கீழே யாரோ, "ஏன் ஏ.சி. ஓடவில்லை?" என்று ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. "அவன் என் ஆள் இல்லை, தினக்கூலி" என்று கான்ட்ராக்டர் கைகழுவினார். "ஆஸ்பத்திரியில் வீட்டில் விழுந்ததாகச் சொல்" என்று வேறு புத்தி சொல்லி அனுப்பினார்.

ரயில்வேயில் இருக்கும் நமக்குத் தெரியும். யார்டில் வண்டிக்கு அடியில் ஆள் வேலை செய்தால் சிவப்புக் கொடி வைப்பார்கள். இரவில் சிவப்பு விளக்கு. வேலை செய்தவர்கள் அதை எடுக்கும்வரை வண்டியை யாரும் அசைக்கக் கூடாது. இது யாரோ இரக்கப்பட்டு இட்ட பிச்சையல்ல. ரத்தம் சிந்திக் கற்ற பாடம். அந்தக் கொடி ஏன் ஏ.சி. தொழிலாளிக்கு இல்லை? ஒரு பூட்டும் ஓர் அட்டையும் என்ன விலை? ஸ்விட்சுப் பெட்டியைப் பூட்டி, "ஆள் வேலை செய்கிறார், தொடாதே" என்று இந்தியிலும் மராத்தியிலும் எழுதித் தொங்கவிட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இனி நம் பிள்ளைகள் மேலே ஏற வேண்டும். சாவி தராத இடத்தில் வேலை இல்லை என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒருவன் சொன்னால் வேலை போகும். ஐம்பது பேர் சொன்னால் விதியாகும்.

வேலையினால் நேரும் விபத்துக்கு நட்டஈடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு என்று 1923லேயே சட்டம் வந்தது. 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. தினக்கூலி என்பதால் உரிமை அற்றுப்போவதில்லை. ஆனால் "அவர் ஆள்தான்" என்று நிரூபிக்கக் காகிதம் வேண்டும். தாய்மார்களே, இது உங்கள் பொறுப்பிலும் இருக்கட்டும். மகனோ கணவரோ யாரிடம், எந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறார் என்று ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதுங்கள். கேட் பாஸ், கூலி வந்த வங்கிக் கணக்கு, கான்ட்ராக்டர் போனில் அனுப்பிய செய்தி எதையும் அழிக்காதீர்கள். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேலையிடத்தில் அடிபட்டது" என்று எழுதச் சொல்லுங்கள். நட்டஈடு கேட்கக் காலக்கெடு உண்டு. உடனே சங்கத்துக்கு வாருங்கள்.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று சொன்னது. நம் பேட்டைகளில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் சங்க அலுவலகத்தில் ஏ.சி., குளிர்சாதனத் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியல் எழுதப்படும். மெக்கானிக்கும் வரட்டும், ஹெல்பரும் வரட்டும். பெயர் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டும் எச்சரிக்கை அட்டையும் சங்கச் செலவில் வழங்கப்படும்.

பட்டியல் நிறையட்டும், தோழர்களே.