கோட்டை, கோயில், அவளுடைய பாஷை



ஒன்றுகூடலுக்கு முதல்நாள் நாங்கள் சிலர் புளியந்தீவைச் சுற்றிப் பார்த்தோம். படிக்கிற காலத்தில் கோட்டை எங்களுக்கு வெறும் கச்சேரிதான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினர், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தனர் என்று பரீட்சைக்கு எழுதியதோடு சரி. இம்முறைதான் மதிலருகே நின்று வாவியை ஆறுதலாகப் பார்த்தோம்.

மரியன்னை பேராலயத்தில் எங்கள் பறங்கித் தோழி முழந்தாளிட்டு மெல்லச் செபித்தாள். அவள் வீட்டுப் போர்த்துக்கேயம்! வகுப்பில் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்களேதான். ஒல்லாந்தர் வந்து, ஆங்கிலேயரும் வந்து போன பிறகும் மட்டக்களப்பு வீடுகளில் தங்கிய பாஷை அது. எந்த நூதனசாலைப் பெட்டியிலும் வைக்க முடியாதது.

“என்ர பிள்ளைகளுக்கு இது விளங்காது” என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அவளிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதினோம். கொப்பி இப்போது எங்களிடம் இருக்கிறது. இன்னும் நிறையப் பக்கம் வெறுமை. சொல் தெரிந்தவர்கள் எழுதி அனுப்புங்கள்.