பெயரை வெட்டாத பள்ளி



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்த மன்றத் தோழர்கள் தலைப்பை எங்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். இலக்கிய மேடையில் கவிதை பற்றியோ தன்வரலாறு பற்றியோ பேசியிருக்கலாம். ஆனால் எங்கள் மாலை வகுப்புகளுக்கு வந்துகொண்டிருந்து, பிறகு வராமல் நின்றுபோன பிள்ளைகளின் முகங்கள் வேறு எதையும் பேச விடவில்லை. மாணவர்களிடம் போதைப் பழக்கம் தெரியவந்தால் பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த ஐயா ஒரு பள்ளி ஆசிரியர். வகுப்புக்கு வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கே நடந்துபோன தலைமுறை அவருடையது. அவர் இருந்திருந்தால் இதைத்தான் பேசச் சொல்லியிருப்பார்.

நம் பிள்ளைகளின் பெயர் வருகைப் பதிவேட்டில் தானாக ஏறிவிடவில்லை. ஊர்ப் பள்ளிகள் கதவை அடைத்திருந்த காலத்தில், 1894இல் சென்னையில் ஆல்காட் பஞ்சமருக்கென்று இலவசப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. அயோத்திதாசர் எழுதி எழுதிக் கேட்டதும், இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் சட்டமன்றத்தில் நின்று வாதாடியதும் அந்தப் பதிவேட்டில் ஒரு வரிக்காகத்தான். மூன்று, நான்கு தலைமுறைகள் போராடி எழுதவைத்த பெயரை ஒரே நாளில் வெட்டிவிட முடிகிறது. அந்த வெட்டுக்கு இன்று கிடைத்திருக்கும் மிக எளிய காரணம் போதை.

அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். காலையில் பைச் சோதனை. காலனியிலிருந்து வரும் பையன்களின் பைகள்தாம் முதலில் திறக்கப்படும். ஒரு கூல் லிப் பொட்டலமோ ஹான்ஸோ அகப்படும். தாயை வரச்சொல்லி ஆள் அனுப்புவார்கள். தூய்மைப் பணிக்கோ வீட்டு வேலைக்கோ போகிற அந்தத் தாய் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார். "ஏம்மா, போலீசு கேசுன்னு போனா பையன் வாழ்க்கை வீணாயிடும். நீயே எழுதிக் குடுத்து டி.சி. வாங்கிக்கோ, நன்னடத்தைன்னே போட்டுத் தர்றோம்" என்பார்கள். அந்த "நீ" யாருக்கு உரியது என்று இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. தாய் கைநாட்டோ கையெழுத்தோ போடுவார். பதிவேட்டின்படி யாரும் நீக்கப்படவில்லை, பெற்றோர் விருப்பப்படி மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பட்டிருக்கிறது. பள்ளியில் போதைப் பிரச்சினையும் இல்லை. எல்லாம் சுத்தம்.

அந்தப் பையன் எங்கே போகிறான்? நடுப்பருவத்தில் வேறு பள்ளி சேர்க்காது. சென்டரிங், பெயின்ட், கேட்டரிங், லோடு ஏற்றும் வேலை என்று போகிறான். உடம்பு வலிக்கு இதை வாயில் அடக்கிக்கொள் என்று சொல்லிக் கொடுக்கும் பெரியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு தருகிறவரும் அங்கேதான் வருவார். பெண் பிள்ளையாக இருந்தால் கதை இன்னும் சுருக்கம். ஒரு புகார் வந்த மறு மாதமே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பள்ளி தன் வாசலைச் சுத்தம் செய்துகொள்கிறது. குப்பையை வழக்கம்போல நம் தெருவில் கொட்டுகிறது.

ஊர்த்தெருப் பிள்ளையிடம் அதே பொட்டலம் கிடைத்தால் "சேர்க்கை சரியில்லை" என்பார்கள். நம் பிள்ளையிடம் கிடைத்தால் "அவங்க புத்தியே அப்படித்தான்" என்பார்கள். முன்னதில் பழி சேர்க்கைக்குப் போகிறது. பின்னதில் பிறப்புக்குப் போகிறது. குற்றத்தைப் பிறப்போடு முடிச்சுப்போட்டு, குற்றப் பரம்பரைச் சட்டம் என்றே ஒன்றை வைத்திருந்த நாடு இது. சட்டம் போய்விட்டது, அந்தக் கண் போகவில்லை.

சிக்கல் உண்மையானது என்பதை நாம் மறைக்கவில்லை. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில் ஒரு செய்தி நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகம் காணப்பட்ட போதை ஒன்றே ஒன்றுதான்: மூச்சில் இழுக்கும் பொருள்கள். பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர் போன்றவை. 10 முதல் 17 வயது வரையுள்ளோரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58 விழுக்காடு. நாடு முழுவதும் சுமார் 4.6 லட்சம் சிறார்களுக்கு இதிலிருந்து மீள உதவி தேவை என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. இது கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஏழைப் பிள்ளையின் போதை. முதல் முறை இழுக்கும்போதே இதயம் நின்று சாகவும் கூடும். புகையிலைப் பொட்டலத்தில் இருக்கும் நிக்கோட்டின், சில வாரங்களில் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறது. அது கிடைக்காத வேளையில் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, பாடத்தில் மனம் நிற்காமை. வகுப்பில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையனின் "திமிர்" சில நேரம் இதுதான். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் கஞ்சா நினைவாற்றலையும் கவனத்தையும் கெடுக்கிறது. இவையெல்லாம் உடலில் நடப்பவை. உடலில் நடப்பதற்கு மருத்துவம் வேண்டும். டி.சி. எந்த நோய்க்கும் மருந்தன்று.

சட்டம் என்ன சொல்கிறது? மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் ஆபத்தில் இருக்கும் பிள்ளையை "கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்ற வகையில் வைக்கிறது. 77ஆவது பிரிவின்படி குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல். 78ஆவது பிரிவின்படி குழந்தையை வைத்து விற்பவருக்கும் அதே தண்டனை. எந்தப் பிள்ளையையும் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதைத் தடை செய்கிறது. 18 வயது கடந்த மாணவருக்கும் வழி இருக்கிறது. சிறிய அளவு போதைப்பொருள் வழக்கில் சிக்கிய பழக்க அடிமை, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது.

ஆக, சட்டத்தின் கண்ணில் விற்பவர் குற்றவாளி, பிள்ளை பாதிக்கப்பட்டவர். பள்ளி வாசலில் இது தலைகீழாகிறது. பெட்டிக்கடை மறுநாளும் திறந்திருக்கிறது, பையன் மட்டும் வெளியே நிற்கிறான்.

சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் குடை மடிந்துவிடுகிறது. நாங்கள் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சிக்கியது 14, 15 வயதில்தான். நனையும் நேரத்தில் குடையைப் பிடுங்குகிறோம். பன்னிரண்டாம் வகுப்புவரை அந்தப் பாதுகாப்பை நீட்ட வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

கடுமை காட்டினால் சரியாகிவிடும் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். "துளியும் பொறுப்பதில்லை" என்ற கொள்கையில் அங்கே பல்லாண்டுகள் மாணவர்களை வெளியே அனுப்பினார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு அதை ஆராய்ந்து, பள்ளிகள் அதனால் பாதுகாப்பானதற்குச் சான்று இல்லை என்றது. அதிகம் தண்டிக்கப்பட்டவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். காவலர்கள் வகுப்பறைக்கே வந்து பாடம் நடத்திய "டேர்" திட்டம் 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. மதிப்பீடு செய்தவர்கள் பலரும் அதனால் பழக்கம் குறையவில்லை என்றே கண்டார்கள். நம் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் உறுதிமொழி எடுக்கிறோம், பேரணி போகிறோம், ஓவியப் போட்டி வைக்கிறோம். வேண்டாமென்று சொல்லவில்லை. ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளை கையை நீட்டி உறுதிமொழி சொல்லும்போது உள்ளுக்குள் என்ன நினைக்கும்? உதவி கேட்க அதற்கு ஒரு கதவு வேண்டும். பேரணியில் அந்தக் கதவு இல்லை.

உறுதிமொழி எடுக்க வைக்கும் அரசே 2003 முதல் டாஸ்மாக் மூலம் சில்லறையில் மது விற்கிறது. 2023இல் 500 கடைகளை மூடியது, வரவேற்றோம். மீதிக் கடைகள் பல்லாயிரம். ஊர்ப்பக்கம் எதிர்ப்பு வந்தால் கடை காலனிப் பக்கம் நகர்வதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

நம் பக்கமும் பேச வேண்டும். 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அயோத்திதாசர் மீட்டெடுத்த பௌத்தத்தின் ஐந்தாம் சீலமும் அதுவே. போதை நம் பண்பாடு என்று பெருமை பேசும் குரல்களுக்கு இந்த மரபில் இடமில்லை. தெருவில் பொட்டலம் விற்பவர் நம் உறவினர் என்பதற்காக வாய்மூடி இருப்பதும் கூடாது. அவர் விற்பது நம் அக்காவின் பிள்ளைக்குத்தான். அடித்துத் திருத்திவிடலாம் என்று பிள்ளையைத் தூணில் கட்டும் அப்பாக்களையும் நாம்தான் தடுக்க வேண்டும்.

ஆசிரியர்களை எதிரிகளாக்கவும் நாங்கள் விரும்பவில்லை. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆலோசகர் இல்லாத பள்ளியில் அவர் என்ன செய்வார்? அவர் காவலருமல்லர், மருத்துவருமல்லர். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அறிக்கை தந்தது. ராகிங், போதைப்பொருள், பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கவனிக்கப் பள்ளி நல அலுவலர் என்ற பதவியை அது பரிந்துரைத்தது. இவற்றை ஒருவரே கவனிக்க வேண்டும் என்றது பொருத்தமானது. நாள்தோறும் அவமானப்படும் பிள்ளைக்கு மரத்துப்போக ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. சாதியைத் தொடாமல் போதையை மட்டும் பள்ளியிலிருந்து எடுத்துவிட முடியாது.

பள்ளி செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஒன்று, போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி டி.சி. தரக் கூடாது, எழுதி வாங்கவும் கூடாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் இது பொருந்தும். விடுதியை இழந்த பிள்ளை பள்ளியையும் இழக்கிறது.

இரண்டு, பெயர் வெளியே போகக் கூடாது. காலை வணக்கத்தில் நிற்கவைப்பதும், சிலரை மட்டும் பொறுக்கிச் சோதிப்பதும் நிற்க வேண்டும்.

மூன்று, ஒருமுறை சுவைத்துப் பார்த்த பிள்ளை, அடிக்கடி பயன்படுத்தும் பிள்ளை, விட முடியாமல் தவிக்கும் பிள்ளை ஆகிய மூவரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முதல் பிள்ளைக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியரின் பேச்சே போதும். இரண்டாவது பிள்ளைக்குத் தொடர்ந்த ஆலோசனை வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வேண்டும். பேச்சு "எங்கே வாங்கினாய்" என்று தொடங்கக் கூடாது. "சாப்பிட்டாயா, இரவு தூங்கினாயா, வேலைக்குப் போகிறாயா" என்று தொடங்க வேண்டும்.

நான்கு, சிகிச்சைக்குப் போகும் நாள்களுக்கு வருகை தர வேண்டும். உடன் போகும் தாயின் கூலி இழப்புக்கு அரசு ஈடு தர வேண்டும். மீண்டும் ஒருமுறை தவறினால் அதையும் நோயின் போக்காகவே பார்க்க வேண்டும்.

ஐந்து, புகார் விற்பவர்மீது போக வேண்டும், பள்ளியின் பெயரில் எழுத்தாகப் போக வேண்டும்.

இவற்றைக் கேட்டுப் பெற நம் கையில் ஒரு கருவி இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கும் உரிய இடம் உண்டு. நம் தாய்மார்கள் பலர் உறுப்பினர் என்று பெயரளவில் இருக்கிறார்கள். கையெழுத்து வாங்க மட்டும் அழைக்கப்படுகிறார்கள். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் ஊர் திரும்பியதும் உங்கள் தெருவில் அந்த உறுப்பினர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவரோடு உட்கார்ந்து ஒரு தீர்மானம் எழுதுங்கள்: "எங்கள் பள்ளியில் போதைப் பழக்கத்துக்காக எந்தப் பிள்ளையின் பெயரும் வெட்டப்படாது. 100 கெஜத்துக்குள் விற்கும் கடைமீது இந்த மாதமே புகார் தரப்படும்." அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து, குறிப்பேட்டில் ஏற்றுங்கள். நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.