எட்டுப் பேர் அடுப்பு, ஒரு பேர் சம்பளம்

(தோட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மாதக் கூட்டத்தில் சமையலையும் தையலையும் பற்றிப் பேச வேண்டும் என்று மாதர் பிரிவு கேட்டது. சில சகோதரர்கள் சிரித்தார்கள். சங்கக் கூட்டத்தில் ரொட்டிக் கதை எதற்கு என்றார்கள். நாம் எதற்காகச் சம்பளம் கேட்கிறோம்? அடுப்பு எரியவும், பிள்ளை ஒழுங்காக உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகவும்தானே. அப்படியென்றால் சட்டியும் ஊசியும் சங்கத்து விசயம்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. அடுத்த வருசமே சாமான் விலை ஏறியது. 2022 செப்டம்பரில் கொழும்புக் கணக்குப்படி உணவுப் பொருட்களின் விலை முந்திய வருசத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. நமக்கு அப்போதும் அதே 1000 ரூபாதான். 2024 செப்டம்பரில்தான் 1350 ஆனது. அந்த 1350 ரூபாச் சம்பளத்தில் ஒரு மாதத்தில் 20 பேர் விழுந்தால் 27,000 ரூபா வந்தது. சேமலாப நிதிக்கு 8 வீதம், 2160 ரூபா போனது. மிச்சம் 24,840. வீட்டில் எட்டுப் பேர் இருந்து, ஒருவர் மட்டுமே பேர் போடுகிறார் என்றால், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 103 ரூபா 50 சதம். தீபாவளி முற்பணம், கோயில் காசு, கடைக்கொப்பிப் பாக்கி, சங்கச் சந்தா எதையும் நாம் இன்னும் கழிக்கவில்லை. கிலோ குறைந்து அரைப் பேர் போட்ட நாட்களையும் கழிக்கவில்லை. இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீட்டில் இதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெருக்கினாலும் பெரிய மாற்றம் தெரியாது.

இப்படிப்பட்ட காசில்தான் நம் வீடுகளில் மூன்று வேளையும் ஏதோ ஒன்று சட்டியில் வேகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் வித்தைக்கு யாரும் நமக்குச் சான்றிதழ் தரவில்லை. சிக்கனத்தைப் போதிக்க வெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஜீப்பில்தான் வருகிறார்கள். ஆகவே இன்று போதனை வேண்டாம். லயத்துக்கு லயம் நாம் செய்வதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

கோதுமை ரொட்டி பசியை அடக்கும். ஆனால் வெறும் மாவில் பிள்ளைக்குச் சத்துக் காணாது. சில வீடுகளில் நாலு பங்கு மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா கலக்கிறார்கள். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையை வீசாமல் மாவோடு பிசைகிறார்கள். ரொட்டி மெத்தென்று வரும், கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டாலும் வயிறு தாங்கும். பொடியாக அரிந்த கீரையும் அதில் சேரும். மிஞ்சிய ரொட்டி காலையில் கல்லு மாதிரி இருந்தால் அதைப் பிய்த்து, லீக்ஸின் பச்சை நுனியோடும் வெங்காயத்தோடும் தாளித்துக் கொத்துப் போட்டால் பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள். ஒரு முட்டை இருந்தால் அதை எட்டாகப் பிரிக்க இதைவிட நல்ல வழி இல்லை. டின் மீனும் அப்படித்தான். ஒரு டின்னோடு அரைக் கிலோ உருளைக்கிழங்கைச் சேர்த்துக் குழம்பு வைத்தால் எல்லாத் தட்டுக்கும் மீன் வாசமாவது போய்ச் சேரும்.

கீரைக்கு நாம் காசு கொடுக்கத் தேவையில்லை. பீட்ரூட் இலை, நோக்கோல் இலை, முள்ளங்கி இலை எல்லாம் கறிக்கு ஆகும். சந்தையில் கிழங்கை வாங்கிக்கொண்டு இலையை அங்கேயே கிள்ளிப் போட்டு வருகிறோம். லயத்துக் கோடியில் படர்ந்திருக்கும் சவ்சவ் கொடியின் இளந்தளிர் நல்ல சுண்டல். பூசணித் தளிரும் அப்படியே. வல்லாரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி தானாகவே முளைக்கின்றன. ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்து அடித்த மலையிலிருந்து கீரை பறிக்கக் கூடாது. எந்த நம்பர் மலைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்பது மருந்து அடிக்கப் போகிற சகோதரர்களுக்குத் தெரியும். வீட்டில் வந்து சொல்லுங்கள். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

விறகும் காசுதான், நேரமும் காசுதான். கடலை, கௌபி, பயறு எதையும் இரவே ஊறப் போட்டால் விறகு பாதியாகக் குறையும். பருப்பையோ அரிசியையோ நன்றாகக் கொதிக்க வைத்து, மூடியை எடுக்காமல் பழைய கம்பளியில் சுற்றிச் சாக்குக்குள் வைத்தால் அது தன் சூட்டிலேயே வெந்துவிடும். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்து, மீண்டும் ஒரு கொதி விட்டு இறக்கலாம். அந்த ஒரு மணித்தியாலம் அடுப்பு வேறு சட்டிக்கு ஆகும். மழைக்காலத்தில் நனைந்த மிலாறை ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வீடுகளுக்கு இது மிகவும் உதவும்.

இதுவரை சொன்னது சட்டியைப் பற்றி. சட்டியிலிருந்து தட்டுக்குப் போகும் வழியில்தான் நம் வீடுகளில் பெரிய கோளாறு இருக்கிறது.

மலையில் நாள் முழுக்கக் கூடை சுமந்தவள் கடைசியில் சாப்பிடுகிறாள். புருசனுக்கு, மாமனாருக்கு, ஆண் பிள்ளைக்கு, பெண் பிள்ளைக்கு, மாமியாருக்குப் பிறகு சட்டியைச் சுரண்டுகிறாள். காணாவிட்டால் ஒரு கோப்பை சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு "எனக்குப் பசியில்லை" என்கிறாள். இதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. எட்டுப் பேரின் சாப்பாட்டில் ஒருத்தியின் பங்கை வெட்டுவதுதான் இது. 1984 வரை பெண்ணின் பேருக்கு ஆணின் பேரைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்தார்கள். வேலைநிறுத்தம் செய்து அதைச் சமமாக்கினோம். செக்ரோலில் சமமான பிறகும் தட்டில் சமமாகவில்லை.

நம் பெண்கள் பலருக்கு இரத்தம் குறைவு என்பது கிளினிக் கார்டைப் பார்த்தாலே தெரியும். இதில் நாம் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்காதீர்கள். நாம் பறிக்கும் அதே கொழுந்தின் சாயம், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரையை இறக்கியதும் அரைத் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள், இரும்புச் சத்து கூடுதலாக உடம்பில் சேரும். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசைக்கும் இதே விதிதான். தேத்தண்ணீரோடு விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வையுங்கள். முதலில் எட்டாகப் பிரித்துவிட்டுப் பிறகு சாப்பிடுங்கள். இதை இந்த மாதமே தொடங்கலாம், கம்பனியிடம் மனுக் கொடுக்கத் தேவையில்லை.

இனித் துணி. நாங்கள் பள்ளிக்கூடத்தில் காலையில் இடாப்புக் கூப்பிடுகிறவர்கள். வராத பிள்ளையைப் பற்றிக் கேட்டால் "சுகமில்லை" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பிள்ளை சுகமாகத்தான் இருக்கும். இருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை காய்ந்திருக்காது, அல்லது அக்குளில் கிழிந்திருக்கும். பனிமூட்டக் காலத்தில் அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப்போட்டால் வெள்ளை மஞ்சளாகிறது, புகை வாசம் வேறு. மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள் என்று அந்தப் பிள்ளை வர மறுக்கிறது. ஒரு முழம் நூலுக்காகப் பாடம் போகிறது.

அரசாங்கம் தரும் சீருடைத் துணியைத் தைக்கக் கொடுக்கும்போதே கீழ் மடிப்பில் மூன்று அங்குலம் விடச் சொல்லுங்கள். பக்கத் தையலிலும் அரை அங்குலம் இருக்கட்டும். பிள்ளை வளர வளர அவிழ்த்து விடலாம். அண்ணனின் சட்டையில் முதலில் நைந்து போவது கொலர்தான். அதைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்தால் தம்பிக்கு இன்னொரு வருசம் போகும். இப்படி இரண்டாவது சட்டை ஒன்று இருந்துவிட்டால் காயாத சட்டைக்காக ஒரு நாள் போகாது.

ஒட்டுப் போடும்போது புதுத் துணியை எடுக்காதீர்கள். புதுத் துணி தண்ணீரில் சுருங்கிப் பழைய துணியை இழுத்துக் கிழிக்கும். பல தடவை துவைத்த துணியில்தான் ஒட்டு எடுக்க வேண்டும். கிழிசலைத் துவைப்பதற்கு முன்பே தையுங்கள். கல்லில் அடித்த பிறகு ஒரு விரல் ஓட்டை ஒரு சாண் ஆகிவிடும். பெட்சீட் நடுவில் நைந்தால் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, நல்ல ஓரங்கள் இரண்டும் நடுவில் வரும்படி சேர்த்துத் தைத்தால் குளிரோடு இன்னும் இரண்டு வருசம் போராடும். சேலைக்கும் இந்த வித்தை ஆகும். அதற்கும் பிறகு தொட்டில், அதற்கும் பிறகு பிள்ளைத் துணி, கடைசியில் சட்டி பிடிக்கும் துணி. மாவு துணிப் பையில் வந்த காலத்தில் நம் பாட்டிமார் அந்தப் பையைப் பிரித்துத் தலையணை உறையும் உள்சட்டையும் தைத்தார்கள். இன்றைய உரப் பைகளை அப்படி நினைக்க வேண்டாம். கழுவினாலும் அதில் மாவையோ அரிசியையோ வைக்கக் கூடாது.

கதவுக்கு வெளியே நிற்கும் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டவுனில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஆண். கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் கொத்து அடிப்பவர்கள் நம் தோட்டத்துப் பையன்கள். அதே பையன் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைக்கூட எடுப்பதில்லை. சம்பளத்துக்கு என்றால் தெரிகிற வேலை, வீட்டுக்கு வந்ததும் எப்படி மறந்து போகிறது? பொத்தான் தைக்க எட்டு வயதுப் பையனுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவர்கள் பிள்ளைகளாக இருப்பதால் வெட்கப்படவில்லை.

நாம் இவ்வளவு கெட்டிக்காரிகள் என்பதைத் தெரிந்தே, "இருக்கிற சம்பளத்தில் அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள்" என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். 1973, 1974 பஞ்சத்தில் இந்தத் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. அப்போதும் நம் பாட்டிமார் கெட்டிக்காரிகள்தான். வெறும் சட்டியில் கெட்டிக்காரத்தனம் வேகாது. ஆகவே நாம் எப்படிச் சமாளிக்கிறோம் என்பதோடு எதை இழந்து சமாளிக்கிறோம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதற்காக மாதர் பிரிவு ஒரு காரியம் கேட்கிறது. ஒவ்வொரு லயத்திலும் இரண்டு வீடுகள் ஒரு மாதத்துக்குச் செலவுக் கொப்பி எழுத வேண்டும். பழைய பாடக் கொப்பியில் எழுதாத பக்கங்கள் போதும். வாங்கியதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வாங்க நினைத்து வாங்காமல் விட்டதை மறுபக்கத்தில் எழுதுங்கள். பால்மா விட்டோமா, முட்டை விட்டோமா, சப்பாத்து விட்டோமா, மருந்தை விட்டோமா என்று எழுதுங்கள். தவறணைக் கணக்கும் மறைக்காமல் ஏறட்டும். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளை எழுதட்டும், அதற்கு நாங்கள் கணக்குப் பாடத்தில் நேரம் தருகிறோம். பெயர் போடத் தேவையில்லை, வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் விழுந்தது என்பது போதும். அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது சங்கம் இந்தக் கொப்பிகளை மேசையில் வைக்கும்.

தையலுக்கு வரும் போயா நாளில் பகல் இரண்டு மணிக்குப் பிள்ளைக் காம்பிராவில் கூடுவோம். ஆளுக்கு ஒரு கிழிந்த உடுப்பைத் துவைத்துக் காய வைத்துக் கொண்டுவாருங்கள். நூலும் ஊசியும் மாதர் பிரிவு தரும். கத்தரிக்கோல் இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். ஆண்களும் வரலாம், தேத்தண்ணீர் அவர்கள் ஊற்ற வேண்டும்.