ஊரமைப்பும் ஊராரும்



எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. சாத்தான்குளம் மட்டுமன்று, அண்மையில் பேய்க்குளம், ஆற்றோரத்தில் கருங்குளம், வடக்கே விளாத்திகுளம் எனத் தூத்துக்குடி மாவட்டத்தில் குளத்தைப் பெயரில் தாங்கிய ஊர்கள் பல. மழை குறைந்த இந்நிலத்தில், நீர் தங்கும் இடம் கண்டு குடியேறிய நம் முன்னோர் அந்த அறிவை ஊர்ப்பெயராகவே விட்டுச் சென்றனர். இன்றோ ஊர்கள் பெருகிவிட்டன. சாலையும் வடிகாலும் சந்தையும் பேருந்து நிலையமும் எங்கெங்கே அமைய வேண்டும் என்று வகுப்பதற்குக் கற்றுத் தேர்ந்த வல்லுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரைபடம் வரையும்போது அவ்வூரில் வாழ்வோரைக் கேட்க வேண்டுமா? கேட்பதாயின் யாரை, எப்பொழுது, எவ்வாறு கேட்பது? இவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியில் இருந்த காலம். கடற்கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் சாலையை உயர்த்தி அகலப்படுத்தும் திட்டம் வந்தது. அதற்கென ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் கூட்டினார்கள். தலைமையாசிரியன் என்ற முறையில் கூட்டத்தை நடத்தித் தருமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சுவரில் பெரிய வரைபடம் ஒன்று தொங்கிற்று; அதிலிருந்த எழுத்துகள் யாவும் ஆங்கிலம். வணிகர்கள் பேசினார்கள், வீட்டுமனை உடையோர் பேசினார்கள். கூட்டம் முடியும் தறுவாயில், பனைத்தொழிலாளர் குடும்பத்து மூதாட்டி ஒருவர் பின்னாலிருந்து எழுந்தார்.

“வாத்தியாரய்யா, மழை பெஞ்சா மேட்டுத் தண்ணி பூரா இந்த வழியாத்தான எறங்கும்? ரோட்ட ஒசத்திட்டா அது எங்க போவும்?” என்று கேட்டார்.

நேரமாகிவிட்டது என்னும் பரபரப்பில் நான், “ஆச்சி, அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, சேத்துக்கிடலாம்” என்றேன். அவர் என்னைச் சற்று நோக்கிவிட்டு அமர்ந்துகொண்டார். அவருக்கு எழுதத் தெரியாது என்பதை நான் அறிவேன். வாழ்நாளெல்லாம் எழுத்தறிவித்தவன், எழுதத் தெரியாதவரிடம் தாள் கேட்டேன். சாலை உயர்ந்தது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆம் நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரவருணி கரைபுரண்டது, தூத்துக்குடி நகரின் பல தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றது. அத்தகைய மழையை எந்தத் திட்டமும் முழுதும் தாங்கியிராது. அதை நான் மறைக்கவில்லை. ஆயினும் சுற்றுப்புறமெல்லாம் நீர் வடிந்த பின்னரும் அந்த மூதாட்டியின் தெருவில் மட்டும் வடியவில்லை. உயர்ந்த சாலையே கரையாகித் தடுத்து நின்றது. சில நாள் கழித்து நான் சென்றபோது, அவர் நனைந்த பாய்களை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கே சொன்னம்லா, வாத்தியாரய்யா” என்றார். அச்சொல்லில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் வரைபடம் இருந்தது; அறிவிப்பு இருந்தது; கையெழுத்துப் புத்தகமும் இருந்தது. கேட்டல் ஒன்றுதான் இல்லை.

சட்டம் இதனை எண்ணிப் பாராமல் இல்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், முழுமைத் திட்டம் ஒன்றின் வரைவை வெளியிட்டு மக்களின் ஆலோசனைகளையும் மறுப்புகளையும் எழுத்தில் பெற வேண்டும் என்கிறது. 1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உடைய நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வழி செய்தது. 2022 நவம்பர் 1ஆம் நாள் நம் மாநிலத்து நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. ஆகவே வாயில் திறந்துதான் இருக்கிறது. ஆயினும் ‘எழுத்தில்’ என்னும் அந்த ஒரு சொல்லை நோக்குங்கள். எழுத வல்லவருக்கு அது வாயில். மற்றவருக்கு அது மதில்.

ஊராரைக் கேட்பது தமிழருக்குப் புதிதன்று என்று உத்தரமேரூரைக் காட்டுவோம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அவ்வூரார் குடவோலையால் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் தேர்ந்ததைக் கோயிற்சுவர்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. பெருமைக்குரிய செய்தியே. ஆனால் நிலமும் கல்வியும் உடைய ஆடவரே அவ்வாரியங்களில் அமர முடிந்தது. அவ்வேரியில் நீர் மொண்ட பெண்ணும், அவ்வயலில் நாற்று நட்டவளும் ஓலையில் பெயர் எழுதப்பெறவில்லை. நாம் பெருமையை எடுத்துக்கொள்வோம், குறையைத் திருத்திக்கொள்வோம்.

இன்னொருவரையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பாட்ரிக் கெட்டிஸ் என்பவர் ஸ்காத்லாந்து நாட்டு உயிரியல் அறிஞர். 1914இல் சென்னைக்கு வந்தவர். தஞ்சை, மதுரை முதலிய நகரங்களை அவர் தெருத்தெருவாக நடந்து பார்த்தார். நெருக்கமான தெருக்களை இடித்து நேர்ச்சாலை போடும் திட்டங்களை அவர் ஏற்கவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, வெளியும் மரமும் உண்டாக்கி, மற்றவற்றைக் காக்கலாம் என்றார்; அதற்குச் செலவும் குறைவு என்று காட்டினார். நாடி பார்த்த பின்னரே மருந்து என்பது அவர் முறை. பின்னர் இந்தூர் நகரில் கொள்ளைநோய் பரவியிருந்த காலத்தில், தீபாவளி ஊர்வலம் ஒன்றை அவர் நடத்தினார். எந்தத் தெருவார் தம் வீடுகளை மிகுதியாகத் தூய்மை செய்து பழுது பார்க்கிறார்களோ, அத்தெரு வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பம் எடுத்தது. ஆணையிட்டு ஆகாத செயல், பங்கு தந்தபோது ஆயிற்று.

நம் பக்கத்துக்கு வருவோம். தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளர் விடியுமுன்னே வேலைக்குச் செல்வர். மீனவர் கடலுக்குப் போகும் நேரம் வேறு, கரைக்கு வரும் நேரம் வேறு. காலை 11 மணிக்கு அலுவலகத்தில் கூட்டம் என்றால் அவர்கள் எப்படி வருவார்கள்? வராதவர்களைப் பார்த்து, ‘மக்களுக்கு அக்கறை இல்லை’ என்று எழுதுவது நீதியாகுமா? தனி ஒருவர் தயங்கும் இடத்தில் ஒரு சங்கம் பேசும். மகளிர் சுய உதவிக் குழு, மீனவர் சங்கம், உப்பளத் தொழிலாளர் சங்கம், வணிகர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம் ஆகியவற்றை அவரவர் இடத்தில், அவரவர் நேரத்தில், தமிழில் எழுதிய வரைபடத்தோடு சென்று கேட்க வேண்டும். கோடு போட்ட பின்னர் அன்று, கோடு போடுவதற்கு முன்னர்.

சங்கங்கள் தந்நலம் பேசாவோ என்று நீங்கள் கேட்கலாம். பேசும். குப்பைக்கிடங்கு வேண்டும், ஆனால் என் தெருவில் வேண்டா என்று எல்லாரும் சொல்வர். எல்லார் விருப்பமும் நிறைவேறாது; வல்லுநரின் கணக்கும் வேண்டும். ஆனால் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ‘ஏற்றோம்’ அல்லது ‘இன்ன காரணத்தால் ஏற்கவில்லை’ என்னும் விடை வேண்டும். விடை பெற்றவன் தோற்றாலும் அடுத்த கூட்டத்துக்கு வருவான். விடை பெறாதவன் வரமாட்டான்.

மாணவர்களே, இதில் உங்களுக்கு ஒரு பணி இருக்கிறது. இந்த மழைக்காலத்தில் உங்கள் தெருவை ஒரு தாளில் வரையுங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த ஓடை மூடப்பட்டது என்று தெருவில் மூத்தவர்களைக் கேட்டுக் குறியுங்கள். அவர்கள் சொன்னதை, சொன்னபடியே எழுதி, அவர்களுக்கே படித்துக் காட்டி, கைந்நாட்டோ கையெழுத்தோ பெற்று ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறவாதீர்கள்.

நான் அன்று அந்த மூதாட்டியிடம் தாள் கேட்டேன். தாளும் எழுதுகோலும் என் சட்டைப்பையிலேயே இருந்தன. உங்கள் பையிலும் இருக்கின்றன.